பெற்றோருக்குப் பின் யார்?

கேள்வி: விசைப்படகுத் தொழிலை நம்பி வாழும் குடும்பம், டவுன் சிண்ட்ரோம் உள்ள 24 வயது மகனுக்கு என்ன ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும்? (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் உண்டாகும் பிறவி நிலையே டவுன் சிண்ட்ரோம், அதற்குத் தாயோ தந்தையோ பொறுப்பல்லர். 18 வயது நிறைந்தவருக்குப் பெற்றோரும் சட்டப்படி தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை என்பதால், தேவைப்படின் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம், தந்தையும் ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு உடன்வந்து இவ்வேலையை முடிக்க ஏற்றது.

எனினும் அன்றாட வாழ்வில் அவருக்கென ஒரு பொறுப்பு இருப்பதே முதன்மையானது. கருவாட்டுக் களத்தில் நெத்திலியைப் பரப்புவது, வெயில் ஏறியதும் புரட்டிப்போடுவது, இடையில் கலந்த சாளையைப் பிரித்தெடுப்பது என ஒவ்வொரு படியாக, நாள்தோறும் அதே வரிசையில், செய்துகாட்டிக் கற்பித்தால் பலரும் தேர்ச்சி பெறுவர். அதற்குரிய கூலி அவர் கையிலேயே சேர வேண்டும். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வீட்டார் செல்லும்போது அவரை மட்டும் விட்டுச்செல்வது, எந்தக் காரணம் சொன்னாலும், அநீதியே.

சோர்வையும் சொல் கேளாமையையும் பிடிவாதம் என்று கடியாமல், இந்நிலையில் மிகுதியாகக் காணப்படும் தைராய்டு குறைபாட்டையும் காது மந்தத்தையும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். எதிர்காலத்தில் யாருடன் வாழ விருப்பம் என்பதை, உடன்பிறந்தோர் கூடியிருக்கும்போது, முதலில் அவரிடமே கேளுங்கள்.