கிளப் பணம் கேப்டன் ஜிபேல இருக்கா?

ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து ஃபுட்பால் கிளப் ஆரம்பிச்சா, "வந்தவங்க மட்டும் ஷேர் பண்ணிக்கலாம்"னுதான் தொடங்குவீங்க. டர்ஃப் வாடகை 2,400 ரூபாய்னு வைங்க. 16 பேர் வந்தா தலைக்கு 150. மழை நாள்ல 8 பேர்தான் வந்தா 300. அடுத்த வாரம் அந்த 8 பேரும் யோசிப்பாங்க! அதனால வந்தாலும் வராட்டியும் மாசச் சந்தா வாங்குங்க.

அது கேப்டனோட சம்பள அக்கவுண்ட்ல சேர வேண்டாம். கலந்துட்டா கணக்குக் கேக்கறதே சங்கடம். தமிழ்நாட்டில் 7 பேர் இருந்தாலே 1975-ம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். பிறகு கிளப் பேர்லயே பான், பேங்க் அக்கவுண்ட், ரெண்டு பேர் கையெழுத்து.

உறுப்பினர் சந்தாவுக்குப் பொதுவா வருமான வரி இல்ல. ஆனா மிச்சத்தை பேங்க் எஃப்டில போட்டா வட்டிக்கு வரி உண்டு. பெங்களூர் கிளப் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இதைத்தான்.