டிங்கரிங் பட்டறைக் கூலி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரின் ஒடுக்கெடுத்து வர்ணம் பூசும் தொழிலில் கூலி நிர்ணயத்தைப் பற்றிச் சில நம்பிக்கைகள், ஏறக்குறைய குலாசாரம் போலவே, மேஸ்திரியிடமிருந்து சிஷ்யனுக்குக் கைமாறி வருகின்றன. சுத்தியலையும் டாலியையும் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாளிலேயே இவற்றையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிடுவதால், வேலையில் மகா கெட்டிக்காரரான ஒருவர், பட்டறை வாசல்வரை வண்டிகள் நின்றுகொண்டிருக்கும்போதே, மாதக் கடைசியில் சம்பளம் போடுவதற்குக் கைமாற்றுத் தேடி அலைகிற விசித்திரத்தை, சிறு தொழில்களின் வரவு செலவுப் புத்தகங்களைப் பார்த்தே ஜீவிக்கும் நான் பல தடவை பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன்.

"சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு வாங்கினால் பாதி லாபம்" என்பது இந்த நம்பிக்கைகளில் மூத்தது. கோயம்புத்தூரில் எனக்குப் பழக்கமான பட்டறைக்காரர் ஒருவர் இதை விரல்விட்டே நிரூபித்துக் காட்டினார். டிங்கருக்கு மாதம் 26,000 ரூபாய். 26 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 208 மணி. மணிக்கு 125 ரூபாய் அடக்கம். 250 வாங்கினால் சரிபாதி கையில் நிற்கும். அப்பழுக்கில்லாத கணக்காகத்தான் தோன்றியது. ஆனால் வருஷத்தின் 365 நாளில் 52 ஞாயிற்றுக்கிழமைகளையும், தமிழ்நாட்டுத் தொழில் நிலையங்களுக்குச் சட்டப்படி உரிய 9 தேசிய, பண்டிகை விடுமுறைகளையும், காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து என்று போகிற ஒரு 12 நாளையும் கழித்தால், மிஞ்சுவது 292 நாள், அதாவது 2,336 மணி. செலவுப் பக்கத்திலோ, 12 மாதச் சம்பளமான 3,12,000 ரூபாயுடன் தீபாவளிக்குக் கொடுக்கும் ஒரு மாதப் போனஸும், டீ, பலகாரம், கையில் தகடு கிழித்தால் வைத்தியம் ஆகியவற்றுக்கு ஒரு 22,000 ரூபாயும் சேர்ந்து 3,60,000 ஆகிறது.

இதுவரையில் சேதம் அதிகமில்லை. அந்த 2,336 மணியும் விலைக்குப் போகின்றனவா என்று கேட்கும்போதுதான் விஷயம் வேறு ரூபம் கொள்கிறது. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை கை வைக்கக்கூடாத வண்டி, ஆர்டர் போட்ட ஃபெண்டர் வராமல் நிற்கும் வண்டி, கரண்ட் போய்க் கம்ப்ரஸர் ஊமையாகிவிட்ட பிற்பகல், "சும்மா ஒரு தட்டு தட்டிக் கொடுங்க" என்று வருகிற நண்பரின் வண்டி என்று மணிகள் கரைந்து, பத்தில் ஆறே விலைபோகின்றன என்று வைத்துக்கொண்டால், பில்லில் ஏறுவது சுமார் 1,400 மணி. விலைபோகாத மணிக்கும் சம்பளம் உண்டாகையால் அதையும் விலைபோன மணியே சுமந்தாக வேண்டும். 3,60,000 ரூபாயை 1,400 ஆல் வகுத்தால் வருவது 257. பாதி லாபம் என்று எண்ணி 250 ரூபாய் வாங்கியவர், டிங்கரின் சம்பளத்துக்கே மணிக்கு 7 ரூபாய் கைப்பொறுப்பில் போட்டுக்கொண்டிருந்தார்!

இதற்குமேல் பட்டறைச் செலவு இருக்கிறது. வாடகை 20,000, மின்சாரம் 8,000, கம்ப்ரஸர், வெல்டிங் செட், ஸ்ப்ரே கன் ஆகியவற்றின் தேய்மானத்துக்கு 7,000, சில்லறைச் செலவு 5,000, உரிமையாளரின் சொந்தச் சம்பளம் 30,000 என்று மாதம் 70,000 ரூபாய் கொண்டால், டிங்கர் ஒருவரும் பெயிண்டர் ஒருவருமாக வருஷத்தில் விற்கும் 2,800 மணியில் அது மணிக்கு 300 ரூபாயாக வந்து விழுகிறது. பெயிண்டருக்கும் அதே சம்பளம் என்றால் அடக்கம் மொத்தம் 557. (கையாட்களின் சம்பளத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், அதையும் சேர்த்தால் படிக்கிற பட்டறைக்காரர் மனம் சோர்ந்து பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும்.) உரிமையாளருக்குச் சம்பளம் எழுதியிருப்பதைக் கண்டு பலரும் ஆட்சேபிப்பார்கள், "லாபம்தானுங்களே நம்ம சம்பளம்" என்பார்கள். அப்படியானால் அவர் படுத்துக்கொண்ட மாதத்தில் எஸ்டிமேட் போட ஆள் வைத்து, அவருக்குச் சம்பளத்தை எதிலிருந்து கொடுப்பது?

557க்கு மேல் 20 சதவிகித லாபம் வேண்டுமென்று அதில் 20 சதவிகிதத்தைக் கூட்டி 668 என்று எழுதுவது மற்றொரு மயக்கம். அடக்கத்தின் மீது கூட்டிய 20, விற்பனையின் மீது கணக்கிட்டால் 17 கூடத் தேறாது. வாங்குகிற நூறு ரூபாயில் 20 நிற்க வேண்டுமானால் அடக்கத்தை 0.80 ஆல் வகுக்க வேண்டும். அது 696 ரூபாய், சுமாராக 700. மணிக்கு 28 ரூபாய் வித்தியாசம் அற்பமாகத் தோன்றினாலும், 2,800 மணியில் அது வருஷத்துக்கு ஏறக்குறைய 78,000 ரூபாய்.

"மணிக்கணக்கெல்லாம் கம்பெனி ஷோரூமுக்குத்தாங்க, நம்மளுது பானல் ரேட்டு" என்றார் அந்தக் கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர். கதவுக்கு இவ்வளவு, பம்பருக்கு இவ்வளவு என்று சொன்னால்தான் வண்டிக்காரருக்குப் புரியும் என்பது வாஸ்தவமே. ஆனால் வண்டிக்காரரிடம் பேசும் பாஷையிலேயே நமக்கு நாமும் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமென்ற நிர்ப்பந்தம் ஏதுமில்லை. ஒருநாள் காலையில் அவருடைய பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மாட்டுவண்டியின் நுகத்தடி இடித்து உள்வாங்கிய வெள்ளைக் காரின் பின்கதவு ஒன்றைக் கடிகாரமும் கையுமாகக் கவனித்தேன். உள்ளட்டையைக் கழற்றி ஒடுக்கை இழுத்துத் தட்டிச் சமப்படுத்த 90 நிமிஷம். பட்டி போட்டுத் தேய்ப்பதற்கு 105 நிமிஷம். இதில் பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைத் தகட்டின்மேல் மெதுவாக ஓடவிட்டு, என் கண்ணுக்குத் துளியும் புலனாகாத ஒரு மேட்டைக் கண்டுபிடித்து மறுபடியும் தேய்த்தது இரண்டு முறை. பிரைமர் அடித்து வாட்டர் பேப்பரால் தேய்க்க 60, பேப்பரும் டேப்பும் ஒட்ட 30, கலரும் கிளியரும் அடிக்க 30, பாலிஷ் போட்டு எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட 45. கலர் அடிக்கும் அந்த அரைமணியைத்தான் வண்டிக்காரர் வேலை என்று நினைக்கிறார். பட்டறைக்காரரும் பாதி அப்படித்தான் நினைக்கிறார். காய்கிற நேரத்தைக் கணக்கில் சேர்க்காமலே மொத்தம் 6 மணி. மணிக்கு 700 என்றால் கூலி மட்டும் 4,200 ரூபாய். பெயிண்ட், பட்டி, தின்னர், டேப் எல்லாம் தனி. அவர் வாங்கிய பானல் ரேட்டோ, சாமானையும் சேர்த்தே, அதற்குக் கீழே இருந்தது.

ரேட்டைக் குறைத்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் லாபம் தானாக வரும் என்ற நம்பிக்கையை நான் முழுதும் பொய் என்று தள்ளமாட்டேன். விலைபோகும் மணிகள் கூடினால் அடக்கம் இறங்குவது உண்மை. மேற்சொன்ன பட்டறையில் ஆளுக்கு 1,400 மணி 1,800 ஆனால், 557 ரூபாய் அடக்கம் 433 ஆகிவிடும். எந்த ரேட் உயர்வும் செய்ய முடியாத உபகாரம் இது. பிசகு எங்கே என்றால், மணிகள் வீணாவதற்குக் காரணம் வண்டிப் பஞ்சம் என்று நினைப்பதில்தான். நான் பார்த்த அந்தக் கதவை, ஒரு பிளாஸ்டிக் கிளிப் உடைந்துபோனதால், அன்று பூட்டி முடிக்க முடியவில்லை. கழற்றும்போதே உடையக்கூடியது என்று எல்லோருக்கும் தெரிந்த கிளிப். ஆனால் வாங்கி வைத்தவர் இல்லை. வண்டி இன்னும் இரண்டு நாள் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அப்படிப்பட்ட பட்டறையில் ரேட்டைக் குறைத்து மேலும் நான்கு வண்டிகளை வரவழைத்தால் வாசல் நிறையுமே தவிர, மணி நிறையாது.

பக்கத்துப் பட்டறை ரேட்டே நம் ரேட் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் தம் தகப்பனார் வைத்துவிட்டுப் போன சொந்த இடத்தில் தொழில் செய்கிறார். நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள். ஸ்பேர் பார்ட்ஸ் லாபத்தில் கூலியைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பதும் இப்படித்தான். அட்டைப்பெட்டியின்மேல் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கும் காலத்தில் அதற்குமேல் ஒரு ரூபாய் வைக்க முடியாது, ஒடுக்கெடுத்துப் பெயிண்ட் அடிக்கிற வேலையில் மாற்றுவதற்குப் பார்ட்டே இல்லாமலும் போகலாம்.

இன்ஷூரன்ஸ் வேலையில் கூலி நம் கையில் இல்லை என்ற புலம்பலில் ஓரளவு நியாயம் உண்டு. சர்வேயர் வெட்டத்தான் செய்வார். ஆனாலும் அவருக்கென்றும் விதிகள் இருக்கின்றன. சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவிகிதமும், இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்குத் தக்கபடியும் தேய்மானம் பிடிப்பார்களே ஒழிய, டிங்கரிங் கூலிக்குத் தேய்மானமே கிடையாது. பெயிண்டிங்கில் சாமானுக்கு மட்டும் 50 சதவிகிதம். சாமானையும் கூலியையும் பிரிக்காமல் ஒரே தொகையாகப் பில் போட்டால், அதில் 25 சதவிகிதத்தைச் சாமானாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே 8,000 ரூபாய்ப் பெயிண்டிங் பில்லில் 2,000 சாமான், அதில் வண்டிக்காரர் தலையில் விழுவது 1,000 மட்டுமே. பம்பர் டு பம்பர் பாலிசி என்றால் அதுவும் இல்லை. இதை அறியாமல், தேய்மானம் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து கூலியை முன்கூட்டியே குறைத்தெழுதுகிற பட்டறைக்காரர், கேட்காத ஒருவருக்குத் தானம் செய்கிறார். 1500 சி.சி.வரையுள்ள கார்களுக்கு வண்டிக்காரர் கட்டாயமாக ஏற்க வேண்டிய 1,000 ரூபாயைக்கூட, "அதைப் பார்த்துக்கலாம் விடுங்க சார்" என்று தம் கூலியில் தள்ளிவிடுகிற தாராளமும் நம் பட்டறைகளில் சகஜம்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் "எல்லாம் சேர்த்து 700" என்று வாயால் சொல்லிவிட்டால், 18 சதவிகித வரி போக அவருக்கு நிற்பது 593. வரி தனி என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதுவதற்கு ஒரு வரி மைதான் செலவு.

கடைசியாக, பில் போட்டபின் "ரவுண்டாகக் குறைத்துக்கொள்வது" ஒரு மரியாதைதானே, அதனால் என்ன போய்விடும் என்பது. 6 மணிக் கதவு வேலையின் 4,200 ரூபாயில் அடக்கம் போக நிற்கும் லாபம் சுமார் 850 ரூபாய். தெரிந்தவராயிற்றே என்று 500 ரூபாயைக் குறைத்தால், போவது 4,200 ரூபாயில் 500 அல்ல. 850 ரூபாயில் 500. அதையும் குறைத்துக் கொடுத்துவிட்டு, பையனை அனுப்பி அவருக்கு டீயும் வாங்கிவரச் சொல்கிறோம்.