ஓய்வு நாளில் ஒரு சிறுதொழில்

மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடுகிறது. நம் வருமானமும் குறைகிறது. ஆகவே, வார ஓய்வு நாளில் பட்டணத்து வீடுகளின் சன்னல் கண்ணாடிகளைத் துலக்கும் தொழிலைப் பற்றிச் சிந்திப்போம்.

இதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. வாளி, சவர்க்காரம், துணி, ரப்பர் விளிம்புள்ள துடைப்பான் ஆகியவை போதும். வெயில் படும் கண்ணாடியில் சவர்க்கார நீர் விரைவில் உலர்ந்து கறையாகும்; எனவே, காலையிலோ நிழலிலோ துலக்குதல் நலம். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் ரப்பர் விளிம்பைத் துணியால் துடைத்தல் வேண்டும். ஏணி எட்டாத மாடிகளை ஏற்க வேண்டா.

தீபகற்ப மலேசியாவில், தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ளுதல் சட்டப்படி கட்டாயமாகும்.

வேலையை விட்டால் தோட்ட வீட்டையும் விட நேரிடலாம். ஆதலால், நிலையான வாடிக்கையாளர் சேரும்வரை பால்வெட்டையும் கைவிடாதிருப்போமாக.