நீர் வந்த வழியே போய் வாருங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சான் ஹோசேயில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் இருவருமே வேலைக்குப் போகிறீர்கள். அக்டோபரில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் விடுப்பு அமைந்திருக்கிறது. லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன், ஆண்டலோப் கேன்யன், ஜயன், யோசெமிட்டி என்று பட்டியலும் போட்டுவிட்டீர்கள். அந்தப் பட்டியலுக்குக் கீழே எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை உலுக்கியது. ஒவ்வொரு பயணமும் முடிந்து வீடு திரும்பினால் போன் நிறையப் படம் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி எங்களுக்குள் பேச ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இதே குறை பல வீடுகளில் இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலை இந்த முறை ஒத்திப் போடுங்கள். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் ஒரு வாரத்தில் நான்கு மாநிலங்களைத் தொட்டுவிட்டு வருவதென்றால் பகல் முழுக்கக் காருக்குள்ளேயே போய்விடும். உங்கள் மாநிலத்துக்குள்ளேயே பாலை, மலை, நாட்டுப்புறம் மூன்றையும் கோத்துக்கொண்டு ஒரு சாலை ஓடுகிறது. சியர்ரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் தெற்கு வடக்காகப் போகும் 395ஆம் நெடுஞ்சாலை அது. நானும் என் வீட்டுக்காரரும் மகளின் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் காரை வாங்கிக்கொண்டு போவது அந்தப் பக்கம்தான். அவர் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றுதான் முதலில் கேட்பார். அந்தச் சாலைக்கு அதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது.

தெற்கிலிருந்து தொடங்குங்கள். பேக்கர்ஸ்ஃபீல்ட், டெஹாச்சபி வழியாக மோஹாவே பாலைக்குள் இறங்கி, முதலில் டெத் வேலிக்குப் போங்கள். தண்ணீர் வந்து முடிகிற இடம் அது. அங்கிருந்து புறப்பட்டுத் தண்ணீர் வந்த வழியே மேலே ஏறுவதுதான் நான் சொல்லும் பயணம்.

பேட்வாட்டர் பள்ளம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த நிலம். காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள். பின்னால் நிற்கும் பாறைச் சுவரில், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில், 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். படம் எடுத்ததும் பலர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் உப்பின்மேல் அரைமணி நேரம் நடங்கள். சாலையோரத்தில் மிதிபட்டு அழுக்காக இருக்கும் உப்பு, உள்ளே போகப் போக வெளுக்கும். பிறகு அறுகோணம் அறுகோணமாகக் கட்டம் பிரிந்து, ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் விரலளவு வரப்பு எழும்பி நிற்கும். ஈர உப்பு காய்ந்து விரிந்து ஒன்றையொன்று நெருக்கித் தள்ளியதால் வந்த வரப்பு. குனிந்து தொட்டால் நகத்தில் கீறும் அளவுக்குக் கூர்மை.

பனியுகத்தின் ஈரமான காலங்களில் இந்தப் பள்ளம் ஒரு பெரிய ஏரி. மான்லி ஏரி என்கிறார்கள். மேலேயிருக்கும் ஓவன்ஸ் ஏரி நிரம்பி வழிந்தால், இடையில் ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு தண்ணீர் இந்தப் பள்ளம் வரை வந்திருக்கிறது. நம் ஊர்ச் சங்கிலி ஏரிகளைப் போல என்று என் வீட்டுக்காரர் அங்கே நின்று சொன்னார். 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயலின் மழை ஒரே நாளில் ஓர் ஆண்டு மழையளவுக்குக் கொட்டியபோது அந்தப் பழைய ஏரி மாதக்கணக்கில் மறுபடியும் தலைகாட்டியது.

இவ்வளவு வறட்சி ஏன் என்பதற்குப் பதில் மேற்கே நிற்கிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியர்ராவின் மேற்குச் சரிவில் ஏறும்போதே மழையையும் பனியையும் இறக்கிவிடுகிறது. மிச்சம் மீதியை இடையில் இருக்கும் மற்ற மலைத்தொடர்கள் வாங்கிக்கொள்கின்றன. டெத் வேலிக்கு வரும்போது காற்றில் ஒன்றும் இருப்பதில்லை. அங்கே ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் ஐந்து சென்டிமீட்டர்தான். கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை தேனிப் பக்கம் தூறலாகப் போவதும் இதே கணக்குதான்.

பாலையில் இரண்டு இரவு தங்கிவிட்டு 190ஆம் சாலையில் மேற்கே ஏறினால் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. லோன் பைன் என்ற சிற்றூரில் தங்குங்கள். விடிவதற்கு முன் எழுந்து மேற்கே பார்த்தால் 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்தில் முதல் வெயில் விழுவது தெரியும். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் மிக உயரமான சிகரம் அது. முந்தாநாள் நின்ற மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 140 கிலோமீட்டர்கூட இல்லை. அடிவாரத்தில் உருண்டை உருண்டையாகக் கிடக்கும் அலபாமா குன்றுகளில் 1939இல் வந்த 'கங்கா தின்' படத்தை எடுத்தார்கள். நம் வடமேற்கு எல்லைப்புறமாக அந்தப் படத்தில் தெரிவது இந்தப் பாறைகள்தான்.

இந்தப் பள்ளத்தாக்கில்தான் நீங்கள் மெதுவாகப் போக வேண்டும். வெள்ளையர் வருவதற்கு முன்பே பையூட் மக்கள் இங்கே ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கிழங்குச் செடிகளுக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். பிறகு குடியேறியவர்கள் வந்து பழத்தோட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வந்தது. நிலத்தையும் அதோடு நீருரிமையையும் வாங்கிக்கொண்டு, பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்ட் தலைமையில் 375 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாயும் குழாயும் அமைத்து, 1913இல் ஓவன்ஸ் ஆற்றைத் தெற்கே திருப்பியது. வழி நெடுக ஒரு பம்பு கிடையாது, எல்லாம் நிலத்தின் சரிவை வைத்தே ஓடுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓவன்ஸ் ஏரி வற்றிப் போயிற்று. காற்றடித்தால் ஏரிப்படுகையிலிருந்து எழும் புழுதி அமெரிக்காவிலேயே மோசமானது என்ற பெயர் வாங்கியது. இப்போது அந்தப் புழுதியை அடக்க, அதே நகரம் ஏரிப்படுகையில் ஆங்காங்கே தண்ணீர் பரப்பி வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீருக்குப் பறவைகள் திரும்பி வந்திருக்கின்றன.

லோன் பைனுக்கு வடக்கே சாலையை ஒட்டியே அலபாமா மதகுகள் இருக்கின்றன. 1924 நவம்பரில் இவ்வூர்க்காரர்கள் அந்த மதகைக் கைப்பற்றித் திறந்துவிட்டு, நகரத்துக்குப் போகும் தண்ணீரை நான்கு நாள் பழைய வழியிலேயே ஓடவிட்டார்கள். பெண்கள் குழந்தைகளோடு வந்து அங்கேயே சமைத்துப் போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அங்கே நெடுநேரம் நின்றார். அவர் வேலை பார்த்தது கம்பம் பள்ளத்தாக்கில். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895இல் மலைக்குள் சுரங்கம் குடைந்து வறண்ட பக்கம் திருப்பியதால் வாழ்கிற ஊர்கள் அவை. தண்ணீரைத் திருப்புவது நல்லது என்று ஆயுள் முழுக்க நம்பிய மனிதர், திருப்பிய தண்ணீர் புறப்பட்ட ஊர் எப்படி இருக்கும் என்பதை இங்கேதான் கண்ணால் பார்த்தார். நான் பார்த்தது வேறு. வீடு போன பின்னும் வரிசை குலையாமல் நிற்கிற பாப்லர் மரங்களைப் பார்த்தேன். யாரோ ஒருத்தி வாசலுக்கு நிழல் வேண்டும் என்று வைத்த மரங்களாகத்தான் இருக்க வேண்டும். அன்று இரவு அறைக்கு வந்தும் எங்கள் பேச்சு ஓயவில்லை. இந்தப் பள்ளத்தாக்கு இன்னும் கட்டடக் காடாகாமல், மாடு மேயும் புல்வெளியும் அக்டோபரில் மஞ்சள் பூக்கும் புதருமாக இருப்பதற்கும் அந்த நகரம் நிலத்தைக் கையில் வைத்திருப்பதே காரணம் என்று அவர் சொல்வார். அதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

கொஞ்சம் தள்ளி மான்சனார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, ஜப்பானிய வம்சாவளியினர் பத்தாயிரம் பேருக்கு மேல் இங்கே அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். நகரம் வாங்கிய பின் கவனிப்பாரற்றுப் போன பழமரங்களுக்கு அவர்கள் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினார்கள். முள்வேலிக்குள் குளமும் பாலமுமாகத் தோட்டம் அமைத்தார்கள். பின்னாளில் தூர்ந்துபோன அந்தக் குளங்களை இப்போது தோண்டி எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத அந்தக் குளங்களின் கரையில் கல்லை எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்பதை அவசரமில்லாமல் நின்று பாருங்கள்.

பிக் பைனிலிருந்து கிழக்கே வெண்மலைக்கு ஏறினால் சுல்மன் தோப்பு. உயரம் 3,000 மீட்டருக்கு மேல் என்பதால் மூச்சு வாங்கும், நிதானமாக நடக்க வேண்டும். இங்கே இருக்கும் பிரிஸ்டில்கோன் பைன்களில் ஒன்றுக்கு வயது இப்போது 4,800க்கு மேல். அது எவ்வளவு பழைய மரம் என்பதை 1957இல் எட்மண்ட் சுல்மன் வளையங்களை வைத்துக் கண்டார். ஹரப்பா நகரங்கள் முழு வளர்ச்சி பெறுவதற்கு முன்பே முளைத்த மரம் அது. எந்த மரம் என்று அடையாளம் காட்டமாட்டார்கள், அதுவே மரத்துக்குப் பாதுகாப்பு. தேடவும் வேண்டாம். ஏதாவது ஒரு கிழட்டு மரத்தின் பக்கத்தில் உட்காருங்கள். காற்றும் பனித்துகளும் தேய்த்து, தேன் நிறத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும் செத்த கட்டை. அதில் ஒரு பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை ஓடும். அந்தப் பட்டைக்கு அடியில் ஏறும் நீரில் உச்சியில் ஒரு கிளை பச்சையாக நிற்கும். வேறெந்தச் செடியும் எளிதில் பிழைக்காத வெளிறிய டோலமைட் மண்ணில், போட்டியில்லாத இடத்தில், அது அப்படித்தான் காலம் தள்ளுகிறது.

கடைசியில் மோனோ ஏரி. தண்ணீருக்குள்ளிருந்து கோபுரம் கோபுரமாக எழும்பும் டூஃபா சுண்ணப் பாறைகளைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். ஏரிக்கடியில் ஊறும் ஊற்றுநீரின் சுண்ணச்சத்து, ஏரியின் கார நீரோடு சேர்ந்து கட்டியானவை அவை. உண்மையில் அவை தண்ணீருக்குள்ளேயே இருந்திருக்க வேண்டியவை. 1941 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் இதன் ஓடைகளையும் திருப்பியதால் ஏரி சுமார் 14 மீட்டர் இறங்கி, அவை வெளியே வந்தன. மாணவர்களும் பறவை ஆர்வலர்களும் 1978இல் குழு அமைத்து வழக்காடினார்கள். இத்தகைய நீர்நிலைகளைப் பொதுமக்கள் சார்பில் காப்பது அரசின் கடமை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1983இல் சொன்னது. ஏரியை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று 1994இல் ஆணையும் வந்தது. இன்னும் அந்த மட்டம் எட்டவில்லை. அந்தப் பாறைகளின் அழகைப் பார்க்கும்போது இந்தக் கணக்கும் உங்கள் இருவர் மனத்திலும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அது தெரிந்தால் அழகு குறையாது.

அங்கிருந்து 3,031 மீட்டர் உயரமுள்ள டியோகா கணவாய் ஏறி யோசெமிட்டிக்குள் இறங்கிவிடலாம். இவ்வளவு நாளும் நீங்கள் பின்தொடர்ந்த தண்ணீர் இந்த முகட்டின் பனியிலிருந்து புறப்பட்டதுதான்.

இருவருக்குமாக இரண்டு ஏற்பாடுகள் சொல்கிறேன். வண்டியை நிறுத்தச் சொல்லும் உரிமை இருவருக்கும் இருக்கட்டும், ஏன் என்று மற்றவர் கேட்க வேண்டாம். சாலையை விட்டு ஒதுக்கி நிறுத்த இடம் இருந்தால் போதும். அடுத்தது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தூங்கக் கூடாது. ஓட்டுபவருக்குச் சாலைதான் தெரியும், ஓரத்தில் இருப்பதை மற்றவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் இருவருமே ஓட்டுவீர்கள் என்பதால் மாறி மாறி உட்காருங்கள்.

டெத் வேலியில் பல இடங்களில் போன் வேலை செய்யாது, அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும். பெட்ரோலை ரிட்ஜ்கிரெஸ்ட்டிலேயே நிரப்பிவிடுங்கள், பூங்காவுக்குள் விலை அதிகம். அக்டோபர் முதல் பாதியில் பள்ளத்தில் இன்னும் வெயில் கொளுத்தும். மாதக் கடைசியில் கணவாயில் பனி விழுந்து சாலையை மூடிவிடக் கூடும். அதனால் மூன்றாவது வாரத்தில் கிளம்புங்கள், டியோகா திறந்திருக்கிறதா என்று லோன் பைனில் ஒருமுறையும் மோனோவில் ஒருமுறையும் விசாரியுங்கள். போய்வந்த பிறகு எழுதுங்கள். மதகுகளின் பக்கத்தில் உங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ள எங்கள் இருவருக்குமே ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சகோதரி