தேங்காய்ப்பால் நிறத்தில் சீரம்

தூத்துக்குடி

அன்பு மருமகன் செல்வத்துக்கு,

ரிப்போர்ட் பார்த்தேன். டிரைகிளிசரைடு 310, எல்.டி.எல். 162. முப்பத்திரண்டு வயசுக்கு இது அதிகம்டா.

முப்பது வருஷம் லேபில் ரத்தம் சுற்றினவன் நான். விருந்து முடித்து வந்தவர் ரத்தம் என்றால் சீரம் தெளிந்த மஞ்சளாக நிற்காது; தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்திருக்கும். அந்தச் சில மணி நேரம் ரத்தத்தை உறையவைக்கும் ஏழாவது காரணியும் முறுக்கேறி நிற்கும். உன் பொரிச்ச புரோட்டா வயிற்றோடு நிற்பதில்லை.

சிங்க் குழாயில் பிசுக்கு அடைப்பதுபோல என்று எழுதியிருந்தாய். பாதிதான் சரி. எல்.டி.எல். குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து வருஷக்கணக்கில் திரள்கிறது. ஒருநாள் அந்தத் திரளின் மேல்தோல் கிழியும். தட்டணுக்கள் அதைக் காயம் என்று எண்ணி ஓடிவந்து ஒட்டும், ஃபைப்ரின் வலை பின்னும், நிமிஷங்களில் குழாய் மூடிவிடும். அரிவாள்மணையில் விரல் அறுபட்டால் நம்மைக் காப்பாற்றுகிற அதே வேலைதான். உங்கப்பா டிரெட்மில்லில் ஓடி 'நார்மல்' வாங்கிவந்த மறுவாரம் விழுந்தது இப்படித்தான். கிழிவதற்குப் பெரிய அடைப்பு வேண்டியதில்லை.

நீ கேட்ட மீன் எண்ணெய் மாத்திரைக்கு வருகிறேன். டென்மார்க்கின் பாங், டயர்பெர்க் இருவரும் 1970களில் கிரீன்லாந்து இனுயிட் மக்களைச் சோதித்தார்கள். சீலும் மீனும் தின்ற அவர்களுக்குக் காயத்தில் ரத்தம் நிற்கக் கூடுதல் நேரமாயிற்று. தட்டணுக்களில் மீன் கொழுப்பு ஏறியிருந்ததால் அவை லேசில் ஒட்டவில்லை. அதுவரை உண்மை. அங்கே மாரடைப்பே குறைவு என்ற பேச்சு பின்னால் ஆட்டம் கண்டது. 2018இல் வந்த 'அசெண்ட்' ஆய்வில் 15,000க்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் மாத்திரை மாரடைப்பைத் தடுக்கவில்லை. அதிலேயே ஆஸ்பிரினையும் பார்த்தார்கள்: அடைப்பு கொஞ்சம் குறைந்தது, பெரிய ரத்தக்கசிவு கூடியது. ஆகவே, நண்பன் சொன்னான் என்று தினம் ஆஸ்பிரின் போடாதே. டாக்டர் எழுதிய ஸ்டாட்டினை நிறுத்தவும் செய்யாதே.

இன்னொன்று: லிப்போபுரோட்டீன்-ஏ சோதனை கேள். உறைகட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினோஜனின் சாயல் உள்ள புரதம் அதில் இருக்கிறது; அளவு பெரும்பாலும் பரம்பரையில் வருவது, அதனால் ஒருமுறை பார்த்தால் போதும். அப்பா கதை தெரிந்தவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அக்காவிடம் சாளையைப் பொரிக்காமல் புளிக்குழம்பு வைக்கச் சொல். ரிசல்ட் வந்ததும் எனக்கு அனுப்பு.

மாமா