239-ஏ பிரிவில் மிஞ்சிய பெயர்

அன்புள்ள மகளுக்கு,

காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் மாநில அந்தஸ்து பற்றிப் பேசப் போகிறாயாம், உன் அப்பா சொன்னான். மிகவும் மகிழ்ச்சி. மேடை ஏறும் முன் அரசமைப்புச் சட்டப் புத்தகத்தில் 239-ஏ பிரிவை நிதானமாகப் படித்துவிடு. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் விட்டுவிடாதே. புதுச்சேரியின் கதை பாதி அங்கேதான் கிடக்கிறது.

1962-இல் 14-ஆவது திருத்தத்தின் வழியாக அந்தப் பிரிவு சேர்ந்தபோது அதில் ஐந்து பெயர்கள் இருந்தன: இமாச்சலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா-டாமன்-டையூ, பாண்டிச்சேரி. இந்த யூனியன் பிரதேசங்களுக்குச் சட்டப்பேரவையும் அமைச்சரவையும் அமைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தந்தது அந்தப் பிரிவு. 1971-இல் இமாச்சலம் மாநிலமானது. அடுத்த ஆண்டு மணிப்பூரும் திரிபுராவும். 1987 மே 30-இல் கோவா. ஒவ்வொரு பெயராக நீங்கி, இன்று அந்தப் பிரிவில் புதுச்சேரி மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இந்தப் பிரிவுக்கு அப்போது என்ன தேவை வந்தது? 1954 அக்டோபர் 18-இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் பகுதிகளின் 178 பிரதிநிதிகள் கீழூரில் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்து, 1962 ஆகஸ்ட் 16-இல் ஆவணங்கள் கைமாறிய பிறகே புதுச்சேரி சட்டப்படி இந்திய மண்ணானது. புதிதாக வந்து சேரும் நிலப்பகுதியை ஏற்க அரசமைப்பின் முதல் பிரிவிலேயே இடமிருக்கிறது; அதற்குத் திருத்தம் வேண்டியதில்லை. வந்து சேர்ந்த ஊருக்கு ஒரு பேரவையும் மாநிலங்களவையில் ஓர் இடமும் தர வேண்டும் என்றபோதுதான் இருந்த சட்டம் போதவில்லை. ஆகவே 14-ஆவது திருத்தம் வந்தது. அதற்கு இரு அவைகளிலும் தனித்தனியே மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவு வேண்டும். வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும்.

எல்லா மாற்றத்துக்கும் இதே அளவு என்று நினைத்துவிடாதே. புதுச்சேரி எம்.எல்.ஏ.க்கள் நெடுங்காலம் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாமல் இருந்தார்கள். 54-ஆவது பிரிவில் ‘மாநிலங்கள்’ என்று மட்டுமே இருந்ததுதான் காரணம். 1992-இல் 70-ஆவது திருத்தம் தில்லியையும் புதுச்சேரியையும் அதில் சேர்த்தது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் கைவைத்தால் நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கோடு, மாநிலப் பேரவைகளில் பாதியாவது ஒப்புதல் தர வேண்டும். நம் எம்.எல்.ஏ.க்களின் வாக்குக்கு மற்ற ஊர்ப் பேரவைகளின் சம்மதம் தேவைப்பட்டது. கூட்டாட்சியின் சமநிலையைத் தொடும் மாற்றத்தை தில்லி மட்டும் செய்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த காவல் அது, நல்ல காவல்தான்.

பாண்டிச்சேரி புதுச்சேரியானதோ 2006-இல் வந்த சாதாரணச் சட்டத்தால். எளிய பெரும்பான்மை போதுமானதாக இருந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் 106-ஆவது திருத்தம் 2023-இல் நிறைவேறியபோது அதில் புதுச்சேரிப் பேரவை இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தைத் திருத்திச் சேர்த்தார்கள். அதுவும் சாதாரணச் சட்டம்தான்.

உன் பேச்சின் உயிர் இருக்க வேண்டிய இடம் அரசமைப்பின் மூன்றாவது பிரிவு. மாநிலங்களின் எல்லையையும் பெயரையும் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றலாம் என்கிறது அது. மாற்றும் முன் அந்த மாநிலப் பேரவையின் கருத்தைக் கேட்க மசோதாவைக் குடியரசுத் தலைவர் அனுப்ப வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு யூனியன் பிரதேசத்துக்குக் கிடையாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதாவது, புதுச்சேரியை வேறொரு மாநிலத்தோடு இணைக்க நினைத்தால், நம் பேரவையை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அரசமைப்பில் இல்லை. 1956 மே 28-இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ, இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்கிறது. 1979-இல் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது ஊரே தெருவில் இறங்கியது நினைவிருக்கட்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் வாக்கு அரசமைப்பில் இல்லை. மாநில அந்தஸ்து கேட்பதற்கு நிதியைவிட, அதிகாரத்தைவிட வலுவான காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் சாதாரணச் சட்டம் ஒன்றே போதுமே என்று யாராவது கேட்பார்கள். போதாது. மாநிலப் பேரவையில் குறைந்தது 60 உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்கிறது 170-ஆவது பிரிவு. நம் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர். கோவாவுக்கும் இதே சிக்கல் வந்தது. அதனால் 1987-இல் மாநிலமாக்கும் சட்டத்தோடு 56-ஆவது திருத்தத்தையும் கொண்டுவந்து, கோவாவுக்கு 30 போதும் என்று தனிப் பிரிவு எழுதினார்கள். சிக்கிம், மிசோரம், அருணாசலப் பிரதேசத்துக்கும் இப்படித் தனி ஏற்பாடு உண்டு. ‘மாநிலமாக்கு’ என்ற கோரிக்கையோடு இந்தத் திருத்தத்தையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பேரவை பலமுறை தீர்மானம் போட்டு தில்லிக்கு அனுப்பிவிட்டது. இனி இந்த விவரமும் பேசப்பட வேண்டும்.

நியமன எம்.எல்.ஏ. விவகாரத்தை இதோடு கலந்துவிடாதே. அமைச்சரவையைக் கேட்காமல் மத்திய அரசு மூன்று பேரை நியமித்தது செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அதிகாரம் இருப்பது 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில். அமைச்சரவையின் ஆலோசனை கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்க நாடாளுமன்றத்தில் எளிய பெரும்பான்மை போதும். மாநில அந்தஸ்து வரும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனியாக வை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது அந்த 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதி ஒன்றை எடுத்து வா. பேரவை அமைப்பைச் சொல்லும் மூன்றாவது பிரிவிலிருந்து சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் பெரியப்பா
புதுச்சேரி