பங்குனியில் ஒரு நாள்: பூவும் ஆர்மீனியர் சுவடும்

சைதாப்பேட்டையில் காலை ஆறரைக்கே கிளம்புங்கள். தெருவோரப் புங்கமரங்களின் அடியில் பூ பொரி இறைத்தாற்போல் கிடப்பதைப் பார்க்க அதுதான் நேரம். பிறகு துடைப்பம் வந்துவிடும். சரக்கொன்றையும் இயல்வாகையும் பார்க்கவேண்டுமென்றால் சித்திரைக்குத் தள்ளிப்போடலாம். வெயில் கூடும், ஆனால் மஞ்சள் அள்ளும்.

அடுத்து, மறைமலையடிகள் பாலம். 1726இல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் இங்கே அடையாற்றின் குறுக்கே தன் சொந்தக் காசில் பாலம் கட்டினார். இப்போதிருப்பது பிற்காலத்துப் பாலம்.

சைதாப்பேட்டை ஸ்டேஷனில் கடற்கரை வண்டி பிடித்து, கோட்டையில் இறங்கி நடங்கள். அரண்மனைக்காரன் தெரு என்று கேட்டால் வழி சொல்வார்கள். அங்குள்ள ஆர்மீனிய தேவாலயம் 1772இல் கட்டியது. தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் இதே சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையையும் இங்கே பார்க்கலாம். நண்பகலுக்குள் போய்விடுங்கள், பிற்பகலில் கதவு சாத்தியிருக்கலாம். பாரிமுனைக் கூட்டத்துக்கு நடுவே இப்படியொரு அமைதி கிடைப்பது அபூர்வம், அவசரப்படாதீர்கள்.

குழந்தைகள் உடன் வந்தால் மூன்று மணிவாக்கில் கிண்டி சிறுவர் பூங்கா. செவ்வாய் விடுமுறை. பூப் பறிக்கக்கூடாது. ரசத்துக்கு வேப்பம்பூ வேண்டுமா? உங்கள் தெரு மரத்தடியில் முந்தின இரவே பழைய வேட்டியை விரித்துவையுங்கள்.